பயந்து புதைத்தவனும் துணிந்து தாண்டியவனும்

ஆண்டின் பொதுக்காலம் 33-ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு – நற்செய்தி: மத்தேயு 25:14-30



தாலந்து உவமையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஐந்து வாங்கியவன், இரண்டு வாங்கியவன், ஒன்று வாங்கியவன். ஒன்று வாங்கியவனைச் சோம்பேறி என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். இன்றைக்கு அவ்வளவு சீக்கிரம் அவனை விட்டுவிட வேண்டாம். தாலந்தை ஏன் மண்ணில் புதைத்தான் என்பதை அவனே சொல்கிறான். அதைக் கொடுத்த தலைவர் கடுமையானவர், விதைக்காத இடத்திலும் அறுக்கப் பார்ப்பவர் என்று அவன் எண்ணியிருந்தான். அந்த எண்ணத்தால் பயம் வந்தது. பயம் வந்ததால் குழி தோண்டினான். சோம்பல் கடைசியில் வந்ததுதான். முதலில் கோணலாகிப்போனது தலைவரைப் பற்றிய அவனுடைய நினைப்பு.

இந்த நினைப்பைப் பற்றித்தான் இன்று நம் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச விரும்புகிறேன். குறிப்பாக ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், கபடி, கோ-கோ என்று மைதானத்தில் வியர்வை சிந்துகிற பிள்ளைகளிடம். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று சில மாதங்களாக நீங்கள் அலைந்துகொண்டிருக்கிறீர்கள். சிலர் மாநிலப் போட்டிவரை போகிறீர்கள். பலர் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டீர்கள். இரு தரப்பினருக்கும் இன்றைய நற்செய்தியில் செய்தி இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. இயேசுவின் காலத்தில் ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் ஒரு தாலந்து என்பது கூலிவேலை செய்பவர் ஏறத்தாழ இருபது வருடம் உழைத்துச் சேர்க்கிற பணம். ஒன்று மட்டுமே வாங்கியவன் கையிலும் இருபது வருடச் சம்பளம் இருந்தது! பக்கத்தில் நிற்பவனின் ஐந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நம் கையில் இருப்பதன் கனம் நமக்குத் தெரியாது. சேலத்துப் பிள்ளைகளுக்கு நல்ல மைதானம் இருக்கிறது, சென்னைப் பிள்ளைகளுக்கு நல்ல ஷூ இருக்கிறது, எங்களுக்கு மண் தரைதானே என்று சொல்லும்போது இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பத்தாகத் திருப்பிக் கொடுத்தவனையும் நான்காகத் திருப்பிக் கொடுத்தவனையும் தலைவர் பாராட்டுகிறார். இருவருக்கும் ஒரே பாராட்டு. ஒரு சொல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வீட்டுக்குப் போய்த் திருவிவிலியத்தைத் திறந்து 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தலைவரின் தராசில் பத்தும் நான்கும் சமமாக நிற்கின்றன. கையில் கொடுத்ததை வைத்து என்ன செய்தாய் என்பதைத்தான் அவர் பார்க்கிறார். மாநில அளவில் தங்கம் வென்ற பிள்ளையும், போன வருடம் 15 விநாடியில் ஓடிய நூறு மீட்டரை இந்த வருடம் 14 விநாடியில் ஓடிவிட்டு ஐந்தாவதாக வந்த பிள்ளையும் அவர் முன்னால் ஒரே வரிசையில் நிற்பார்கள். இது நான் ஆறுதலுக்குச் சொல்வதல்ல. நற்செய்தியில் அப்படித்தான் இருக்கிறது.

நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நம் தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம் மாவட்டம். அங்கே பெரியவடகம்பட்டி என்ற கிராமம். 1995-இல் அங்கே பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது, குடித்துவிட்டு ஓட்டிய ஒரு டிரைவரின் பேருந்து அவர் மேல் ஏறியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. பிறகு அது சரியாக வளரவே இல்லை. அம்மா சரோஜா செங்கல் சுமந்தார், காய்கறி விற்றார். பிள்ளையின் வைத்தியத்துக்காக 3 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். கூடைக்காரிக்கு 3 லட்சம் என்பது எவ்வளவு பெரிய சுமை என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பையன் பள்ளியில் கைப்பந்து ஆடினான். உடற்கல்வி ஆசிரியர் அவனிடம் இருந்த துள்ளலைப் பார்த்து, உயரம் தாண்டிப் பாரேன் என்று தூண்டினார். 14 வயதில் முதல் போட்டி. கூடத் தாண்டியவர்கள் எல்லாரும் இரண்டு காலும் நன்றாக இருந்த பையன்கள். இவன் இரண்டாவதாக வந்தான். பள்ளி முடிந்த பிறகும் சுகமான வாழ்க்கை அமையவில்லை. காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டார், கட்டட வேலைக்குப் போனார். பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கண்டுகொண்டு பெங்களூருவில் பயிற்சி கொடுத்தார். 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளி. பாரிஸில் 2024-இல் 1.85 மீட்டர், வெண்கலம்.

தங்கம், வெள்ளி, வெண்கலம். இதைக் கேட்டு ‘இறங்கிக்கொண்டே போகிறாரே’ என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தங்கம் வாங்கியவர் எட்டு வருடம் கழித்தும் காலை எழுந்து பயிற்சிக்குப் போகிறார் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. டோக்கியோவில் அவர் தேசியக் கொடியை ஏந்தி அணிவகுப்பில் முன்னால் நடக்க வேண்டியவர். விமானத்தில் பக்கத்தில் வந்த ஒருவருக்குக் கொரோனா என்பதால் தனிமைப்படுத்தப்பட்டார்; கொடி வேறொருவர் கைக்குப் போனது. போட்டி அன்று மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து ஊறி, உந்தித் தாண்ட இடைஞ்சலாக இருந்தது என்று பிறகு சொன்னார். அந்தக் காலோடுதான் 1.86 தாண்டினார்.

உயரம் தாண்டுதலில் ஒரு விஷயம் உண்டு. உங்களில் அதை ஆடுகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவன் கோட்டைத் தொட்டுக் கையைத் தூக்கியதோடு முடிந்துவிடும். உயரம் தாண்டுதல் அப்படி முடிவதில்லை. மற்றவர்கள் எல்லாரும் வெளியேறிய பிறகும் ஜெயித்தவர் கம்பியை இன்னும் உயர்த்தச் சொல்லலாம். தொடர்ந்து மூன்று முறை தவறும்வரை அவருக்கு வாய்ப்பு இருக்கிறது. அதனால் பெரும்பாலும் முதலிடம் பெற்றவரின் கடைசித் தாண்டலும் தோல்விதான். கம்பியைத் தட்டிவிட்டு மெத்தையில் விழுந்து எழுந்து வந்துதான் பதக்கம் வாங்குகிறார். தவறாமல் ஆடி முடிப்பது இந்த விளையாட்டில் நோக்கமே இல்லை. எந்த உயரத்தில் தவறுகிறோம் என்பதுதான் போட்டியே.

உவமையில் வரும் மூன்றாவது ஊழியனுக்கு இது புரியவில்லை. கம்பியைத் தட்டிவிட்டால் தலைவர் அடிப்பார் என்று நினைத்து அவன் ஓடியே வரவில்லை. பிள்ளைகளே, உங்களில் பலரும் இப்படிப் புதைப்பதை நான் பார்க்கிறேன். ‘கால் வலிக்குது சார்’ என்று மாவட்டப் போட்டி அன்று விலகிக்கொள்கிற பையனுக்கு உண்மையில் கால் வலி இருக்காது. தோற்றுவிட்டால் அப்பா என்ன சொல்வாரோ, வகுப்பில் சிரிப்பார்களோ என்ற பயம்தான் இருக்கும். ‘நான் சும்மா ஜாலிக்குத்தான் வந்தேன்’ என்று சொல்லிக்கொண்டு பயிற்சியில் பாதி வேகத்தில் ஓடுகிற பிள்ளையும் அதே குழியைத்தான் தோண்டுகிறது. முழு மூச்சோடு முயன்று தோற்பது வலிக்கும். முயலாமல் தோற்றால் சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சாக்குதான் குழி.

கடவுள் கையில் விசிலும் குச்சியும் வைத்துக்கொண்டு நிற்கிறவர் அல்லர். நீ மைதானத்தில் கால் வைக்கும் முன்பே, திருமுழுக்கில் உன்னைத் தன் பிள்ளை என்று சொன்னவர். அந்த அன்பை நீ ஓடிச் சம்பாதிக்க வேண்டியதில்லை. தோற்று இழக்கவும் முடியாது. இதை மனதார நம்புகிற பிள்ளையால்தான் பயமில்லாமல் உழைக்க முடியும். நன்றியோடு உழைக்கிறவன் களைப்பான். ஆனால் கசந்துபோக மாட்டான்.

உழைப்பு என்றதும் போட்டி நாளை நினைக்காதீர்கள். அது ஒரு நாள் கூத்து. யாரும் பார்க்காத செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிதான் உழைப்பு. மார்கழிப் பனியில் போர்வையை உதறி எழுவது உழைப்பு. பி.டி. சார் பத்து ரவுண்டு ஓடச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போன பிறகு எட்டோடு நிறுத்தாமல் பத்தையும் ஓடுவது உழைப்பு. மறைவாய் இருப்பதைக் காண்கிற தந்தை என்று மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னது செபத்துக்கும் தர்மத்துக்கும் நோன்புக்கும். அந்த ஒன்பதாவது, பத்தாவது ரவுண்டையும் அதே தந்தை காண்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருத்தூதர் பவுலும் விளையாட்டைத் தெரிந்தவர்தான். கொரிந்து நகரில் அவர் ஒன்றரை வருடம் தங்கியிருந்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய போட்டிகள் நடக்கும். வெற்றி பெற்றவருக்கு இலைகளால் பின்னிய ஒரு வளையத்தைத் தலையில் வைப்பார்கள். சில நாளில் அது காய்ந்துவிடும். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் இதை எடுத்துக்கொண்டு, காய்ந்துபோகும் வளையத்துக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால் என்றும் அழியாத ஒன்றுக்காக நாம் எவ்வளவு கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும் என்று கேட்கிறார். உடலைப் பழக்கி அடக்கி வைப்பதாகத் தன்னைப் பற்றியும் சொல்கிறார். விளையாட்டு வீரனின் கட்டுப்பாட்டை ஆன்மிகத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்ட அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. வத்திக்கானும் 2018 ஜூன் 1-இல் விளையாட்டுக்கென்றே ஒரு முழு ஏட்டை வெளியிட்டது. உன்னிடம் உள்ள சிறந்ததைக் கொடு என்பதுதான் அதன் தலைப்பின் கருத்து. ஊக்கமருந்தையும் ஊழலையும் அது வெளிப்படையாகக் கண்டித்தது.

நம் ஊரிலும் அந்தப் பாவம் வேறு உருவத்தில் இருக்கிறது. 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் 19 வயதுப் பையனை இறக்குவதற்காகப் பிறப்புச் சான்றிதழில் கை வைப்பவர்கள் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறதே என்று, ஆடாத போட்டிக்கு சர்டிபிகேட் தேடி அலைபவர்களும் உண்டு. ஜிம்மில் யாரோ கொடுக்கிற பவுடரையும் ஊசியையும் கேள்வி கேட்காமல் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பெற்றோரே, இதற்கெல்லாம் பெரும்பாலும் பெரியவர்கள்தான் துணை போகிறார்கள். பிள்ளை தானாகச் சான்றிதழைத் திருத்துவதில்லை. இப்படிக் கிடைத்த பதக்கத்தை வீட்டுச் சுவரில் மாட்டினால், அது பிள்ளைக்குத் தினமும் என்ன சொல்லிக்கொடுக்கும் என்று யோசியுங்கள்.

குறுக்கு வழி தேடாத ஒருவரையும் சொல்கிறேன். கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனை உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா விசைத்தறித் தொழிலாளி, அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தவர். தமிழ்நாட்டு அணியில் இடம் கிடைத்த சமயம், 2015-இல் அவர் பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். கையே ஆதாரம் என்று இருப்பவனிடம் உன் கை சரியில்லை என்று சொல்வதற்குச் சமம் அது. வாதாடிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் முதலிலிருந்து தொடங்கி, வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வகை கிரிக்கெட்டிலும் அறிமுகமானார். அதோடு நிற்காமல் சொந்த ஊரில் பிள்ளைகளுக்காக ஒரு மைதானத்தைக் கட்டிக் கொடுத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது. திருத்தச் சொன்னால் கோபப்படாமல் திருத்திக்கொள்ளும் மனசு இருந்தால்தான் பயிற்சியாளர் சொல்வது காதில் ஏறும். இதை நம் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். இருந்தாலும் பீடத்தின் முன் நின்று அதை மறைக்க முடியாது.

4×100 மீட்டர் தொடர் ஓட்டப் பயிற்சியைக் கவனித்திருக்கிறீர்களா? பேட்டனைக் கை மாற்ற 30 மீட்டர் எல்லை. முன்னால் நிற்கிற பையன் திரும்பிப் பார்க்காமல் ஓடத் தொடங்கி, கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் குரல் கொடுத்து அந்த உள்ளங்கையில் வைப்பான். விரல் மூடுவதற்குள் விட்டால் பேட்டன் கீழே விழும்; எல்லையைத் தாண்டிக் கை மாற்றினால் நால்வரும் வெளியே. பார்க்காமல் நீட்டுகிற அந்தக் கைக்குப் பின்னால் இருப்பது முழு நம்பிக்கை. அதே கையில்தான் சில பிள்ளைகள் சாதியைக் காட்டும் கலர் கயிற்றைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, பள்ளிகளில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பங்கில் திருப்பலிக்கு வருகிற ஒரு பிள்ளையின் கையிலும் அந்தக் கயிறு இருக்கக் கூடாது. காலனித் தெருப் பையன் கேப்டன் ஆனால் மற்ற பையன்களை ஆட அனுப்பமாட்டேன் என்று சொல்கிற பெற்றோர், அதற்குப் பிறகு நற்கருணைக்கு எப்படி நாக்கை நீட்டுவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் நாம்.

அடுத்து நம் பெண் பிள்ளைகள். ஏழாம் வகுப்பில், எட்டாம் வகுப்பில் பையன்களைவிட வேகமாக ஓடுகிற பெண் குழந்தைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! பெரிய மனுஷி ஆனதும் ஓட்டம் நின்றுவிடுகிறது. ‘வயசுக்கு வந்த புள்ள டிராக் பேண்ட் போட்டுக்கிட்டு ஓடுனா ஊர் என்ன பேசும்?’ என்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நம் தருமபுரி மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நற்செய்தியின்படி பார்த்தால், ஆண்டவர் அந்தக் குழந்தையின் கையில் கொடுத்த தாலந்தை அவள் புதைக்கவில்லை. நாம் பிடுங்கிப் புதைக்கிறோம். கணக்குக் கேட்க வருகிற தலைவர் அவளைக் கேட்கமாட்டார், நம்மைத்தான் கேட்பார். அப்படி ஏதாவது ஏற்பாடு உங்கள் தெருவில் நடந்தால் 1098-க்குப் போன் பண்ணுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அம்மாக்களே, அப்பாக்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. மழை ஏமாற்றினால் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கிளம்ப வேண்டிய நிலையில்தான் நம் குடும்பங்கள் பல இருக்கின்றன. ‘ஓடுனா சோறு போடுமா சாமி?’ என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. எல்லாப் பிள்ளைக்கும் அது சோறு போடாது. ஆனால் தினமும் காலையில் எழுந்து ஒரு வேலையை முழுதாகச் செய்து பழகிய பிள்ளை, தோற்ற அன்றும் ஜெயித்தவன் கையைக் குலுக்கிப் பழகிய பிள்ளை, எந்த வேலைக்குப் போனாலும் அந்த இடத்தில் நிலைத்து நிற்கும். பட்டறையிலும் கழனியிலும் குடும்பத்திலும் நிற்கும். பொதுத் தேர்வு வந்ததும் விளையாட்டை முழுதாக நிறுத்தச் சொல்லாதீர்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும். தோற்று வருகிற அன்று ‘ஏன் தோத்த?’ என்று கேட்காதீர்கள். ‘சாப்பிட வா’ என்று கூப்பிடுங்கள். இரண்டு நாள் கழித்து, அடுத்த முறை எதைச் சரி பண்ணலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தகப்பன் முகத்தில் பிள்ளை எதைப் பார்க்கிறதோ, அதை வைத்துத்தான் வானகத் தந்தையையும் கற்பனை செய்துகொள்கிறது. மூன்றாவது ஊழியன் தன் தலைவரைப் பற்றி அப்படி நினைக்க யார் காரணம் என்று உவமை சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளை அப்படி நினைத்தால் அதற்கு நாம் காரணமாக இருந்துவிடக் கூடாது.

சனிக்கிழமை சாயந்திரம் நம் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் பயிற்சி செய்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெரியவர் ஒருவராவது அங்கே வாருங்கள். ஒரு தூக்கில் ராகிக் கூழோ, ஒரு பையில் வேகவைத்த கடலைக்காயோ எடுத்து வாருங்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டுமாக இல்லாமல், வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுங்கள். ஓடுவதை நிறுத்திவிட்ட பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நானும் அங்கே இருப்பேன்.